எட்டில் ஒரு பங்கு மின்சாரம்

எங்கள் வீட்டில் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால் அம்மா செய்கிற காரியங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஃபிரிட்ஜை அணைப்பார். அடுத்து தண்ணீர் மோட்டார். பிறகு டிவி, அதில் என்ன ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. மூன்றையும் அணைத்துவிட்டு, "லோ வோல்டேஜு, யாரும் எதியும் போடாதீங்க" என்று பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துக் கேட்கும்படி அறிவிப்பார். நான் மின் பொறியியல் படித்து வேலைக்குப் போன பிறகும் இந்த வரிசை மாறவில்லை. வீட்டில் இருக்கும்போது நானும் இதைத்தான் செய்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்த தவறில் என் பங்கு எவ்வளவு என்று அளக்க உதவும்.

என் வேலை ஃபேன்களை மெதுவாகச் சுற்றவைப்பது.

தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் பெரிய ஃபேன்கள் நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடும். தேவை இருக்கிறதோ இல்லையோ, அவற்றுக்குத் தெரிந்தது இரண்டே நிலைதான்: ஓடுவது, நிற்பது. நடுவில் டிரைவ் என்கிற ஒரு பெட்டியை மாட்டினால் வேகத்தைக் குறைக்கலாம். வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். இதைச் சொன்னால் முதலாளிகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் சின்ன நிறுவனம் அந்த ஒரு வாக்கியத்தில்தான் நடக்கிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பெயின்ட் கம்பெனி, வார்ப்படப் பட்டறை என்று டிரைவ் மாட்டிக்கொண்டிருந்த எனக்கு, பொன்னேரிக்கு வெளியே ஒரு நெல் கிடங்கு வந்தது. இருபத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் விவசாயிகள் குழுவின் கிடங்கு. தகரத்தால் ஆன இரண்டு உயரமான வட்டத் தொட்டிகள் இருந்தன. ஊரில் அவற்றுக்கு டேங்க் என்று பெயர். ஒன்று விற்கும் நெல்லுக்கு, இன்னொன்று விதை நெல்லுக்கு. டேங்கின் அடியில் சல்லடை போல ஓட்டைகள் போட்ட தரை இருக்கும். அதற்குக் கீழே ஃபேன் காற்றை ஊதும். காற்று நெல்லுக்குள் புகுந்து மேலே ஏறி, சூட்டையும் ஈரத்தையும் எடுத்துக்கொண்டு வெளியேறும். ஊதாவிட்டால் நெல் தானாகவே சூடேறும். சூடேறினால் அரிசிக்கு ஆகும், விதைக்கு ஆகாது. முளைக்காது.

குழுவின் தலைவி ஒரு அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், சொந்த நிலம் வைத்திருப்பவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். எங்கள் குடும்பத்தில் முந்தைய தலைமுறை இது போன்ற வயல்களில் கூலிக்கு நாற்று நட்டது. இந்தத் தலைமுறை தொழிற்பேட்டையின் மூன்று ஷிஃப்ட்டிலும் இருக்கிறது. அக்கா ஒரு நொடி யோசித்துவிட்டு, "உக்காரும்மா" என்று நாற்காலியைக் காட்டினார். காபி வந்தது. எல்லோருக்கும் வந்த அதே எவர்சில்வர் டம்ளர். அதையும் குறித்துக்கொண்டேன்.

"இந்த வெதைய நல்லா தெரிஞ்சுக்கோ" என்றார். "கடல் பக்கத்து மண்ணு, உப்பு. கடைல வாங்கற வெத இங்க நிக்காது. இது நாங்களே வருசா வருசம் எடுத்து வெச்சிக்கினு வர்றது. ஆவணில வெதைக்கணும். இது போச்சுன்னா இருவத்திரெண்டு ஊடும் வரப்புல குந்திக்கினு வேடிக்க பாக்க வேண்டிதுதான்."

"ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

கணக்கு இது. அது வரை விதை டேங்கின் ஃபேன் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை, எட்டு மணி நேரம், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அமைத்தபடி, முதல் ஒரு மணி நேரம் முழு வேகம். அதற்குப் பிறகு, வெளியேறும் காற்றின் சூட்டைப் பார்த்து டிரைவ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எழுபது சதவீதத்துக்கு மேலே போகாது, ஐம்பதுக்குக் கீழே இறங்காது. மொத்தச் செலவு பாதிக்குக் கீழே வரும் என்று எழுதிக்கொடுத்தேன்.

மாட்டி முடித்து ஒப்படைக்கும்போது நிரப்ப என்னிடம் பத்தொன்பது வரிகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. நானே தயாரித்தது. எர்த் கம்பி முதல் பெட்டியின் சாவி வரை அதில் இருக்கும். பதினேழாவது வரி: ஆபரேட்டருக்குப் பயிற்சி.

ஆபரேட்டர் ஒல்லியான மனிதர், என் அப்பாவைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். முன்பு புதுவாயல் பக்கம் ஒரு ரோலிங் மில்லில் இருந்தவர். பயிற்சி நான்கு நிமிடம் நடந்தது.

"அண்ணா, இந்தப் பெட்டியில எந்த பட்டனையும் தொடாதீங்க."

"தொடமாட்டேன் மேடம்."

"அதுவா ஸ்டார்ட் ஆகும். அதுவா நிக்கும்."

"செரி மேடம்."

"தினமும் மீட்டரை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க."

"நாஷ்டாவுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"எப்ப வேணாலும்."

"எப்ப வேணாலும்னா மறந்துடும் மேடம். நாஷ்டாவுக்கு முன்னால."

பதினேழாவது வரிக்கு நேராக டிக் போட்டேன்.

படங்கள் தவறாமல் வந்தன. ஒவ்வொன்றிலும் இடது மூலையில் அவர் கட்டை விரல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தாமரைப் பூ போட்ட ஒரு காலை வணக்கம். விற்கும் நெல் அந்த மாதமே லாரியில் போய்விட்டது. மிச்சம் இருந்தது விதை டேங்க் மட்டும்.

ஒரு மாத முடிவில் எண்களைக் கூட்டினேன். பாதிக்குக் கீழே வரும் என்று சொல்லியிருந்தேன். பழைய செலவில் எட்டில் ஒரு பங்கு வந்திருந்தது.

இரண்டு முறை சரிபார்த்தேன். எட்டில் ஒன்றுதான். பாதி வேகம் என்றால் எட்டில் ஒன்று. எனவே டிரைவ் எப்போதும் பாதி வேகத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறது, நெல் அவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். விளக்கம் அழகாக இருந்தது. அதை ஒரு வரைபடத்தோடு அக்காவுக்கும் எங்கள் முதலாளிக்கும் அனுப்பினேன். முதலாளி அதை மூன்று அரிசி ஆலைகளுக்கு அனுப்பினார். "இந்தப் பொண்ணு எங்ககிட்ட புதுசு" என்று யாரிடமோ போனில் என்னைப் பற்றிச் சொன்னது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது. இரண்டு நாள் நான் நிமிர்ந்து நடந்தேன்.

மூன்றாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அக்கா போன் செய்தார்.

"கம்பி சுடுதும்மா."

அந்தக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. வெள்ளிக்கிழமை தோறும் அக்கா ஏணியில் ஏறி, டேங்கின் மேல் வாயைத் திறந்து, கம்பியை நெல்லுக்குள் இறக்கிவிட்டு வருவார். ஒரு காபி குடிக்கிற நேரம் கழித்து உருவி, அடியிலிருந்து நுனி வரை உள்ளங்கையால் தடவுவார். நெல்லுக்குள்ளேயே சூட்டை அளந்து டிகிரியில் காட்டும் சென்சார்கள் என் திட்டத்தில் இரண்டாம் கட்டத்தில் இருந்தன. முதல் கட்டத்தில் கம்பி இருந்தது.

"எவ்வளவு சூடுக்கா?"

"ஜொரம் வந்த கொழந்த நெத்தி மாரி கீது. மேல்பக்கம்தான். போன வாரமே லேசா இருந்துச்சு. வெயிலுன்னு உட்டுட்டேன். நீ இன்னா பண்ற, நாளைக்கு வா."

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினேன். பொன்னேரி அதிக தூரம் இல்லை. ஆனாலும் கையில் வேறு வேலை இல்லாததால் கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் திரும்பக் கணக்குப் போட்டேன். எட்டு மணி நேரம். அதில் முதல் ஒரு மணி நேரம் எப்படியும் முழு வேகம். எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் என்பதே எட்டில் ஒன்று. அந்த ஒரு மணி நேரமே மாதச் செலவு முழுவதையும் சாப்பிட்டுவிட்டது. அப்படியானால் மீதி ஏழு மணி நேரம் ஃபேன் எதையும் சாப்பிடவில்லை. பாதி வேகத்தில் ஓடும் ஃபேன் குறைவாகச் சாப்பிடும். ஒன்றுமே சாப்பிடாத ஃபேன் ஓடாத ஃபேன்.

கவரப்பேட்டையில் வண்டி நின்றபோது கணக்கு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, "சூப்பரா ஓடிக்கினு கீது மேடம்" என்றார். நான் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் இருவரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்து மணிக்கு, நான் அமைத்திருந்தபடியே, ஃபேனின் சத்தம் இறங்கியது. ஊளையிட்டுக்கொண்டிருந்தது முனகலாகியது. ஆபரேட்டர் எழுந்தார். நான் மாட்டிய பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் சுவரில் இருந்த பழைய மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்தார். ஃபேன் நின்றது. வந்து திரும்ப உட்கார்ந்தார்.

"என்னண்ணா பண்ணீங்க?"

"லோ வோல்டேஜு மேடம். டெய்லி கரெக்டா பத்து மணிக்கு டவுன் ஆவுது. மறுநா காலைலதான் திரும்ப ஏத்தி வுடுவேன். தொழிற்பேட்டைல அந்த டைமுக்கு பெரிய பெரிய மெசின்லாம் போடறானுங்க போல. நம்ம லைன இழுக்குது."

"பட்டனைத் தொடாதீங்கன்னு சொன்னேனே."

"பட்டன நான் எங்க தொட்டேன்?" அவருக்கு உண்மையாகவே வருத்தம் வந்துவிட்டது. "இது மெயினு மேடம். பொட்டி மேல கை வெச்சிருந்தா என் கை அழுவிடும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கரண்டு விசயம், உங்களாண்ட சொல்லி இன்னா ஆவும்? லைன்மேனாண்ட ரெண்டு தபா சொன்னேன். ஒரு தபா வந்தான். மீட்டர வெச்சு பாத்துட்டு, வோல்டேஜு நல்லாத்தான் கீதுன்னான். ஓடற ஃபேனு சவுண்டு எனக்குத் தெரியாதா? இவன் சொல்றான்!"

லைன்மேன் சொன்னது சரி. ஊரில் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். டீக்கடையில் இது பேசப்பட்டிருக்கிறது. பத்து மணி லோ வோல்டேஜ் பற்றி மனு எழுதலாமா என்று கூட ஒரு யோசனை இருந்திருக்கிறது.

நான் டிரைவ் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். மூன்று மாதம் தாமதம். மெதுவாகச் சுற்றுவதற்காகத்தான் இந்தப் பெட்டி, மெதுவாகச் சுற்றினால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரோலிங் மில்லுல இருந்தப்ப எம் ஷிஃப்ட்ல ஒரு மோட்டாரு பூட்ச்சி மேடம்" என்றார். "லோ வோல்டேஜு. மெதுவாத்தான் சுத்திக்கினு இருந்துச்சு. நான் கவனிக்கல, டீ குடிக்கப் போய்ட்டேன். வந்து பாத்தா பொக. அடுத்த மாசம் மோட்டாரு ரிப்பேரு முடிஞ்சி உள்ள வந்துச்சி. நான் வெளிய போய்ட்டேன். அதுலேந்து எந்த மோட்டாரு மெதுவாச்சுன்னாலும் கை தானா மெயினுக்குப் போவுது."

அவர் கை தானாகப் போவது என் பட்டியலில் இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் கை ஃபிரிட்ஜுக்குப் போவதை இருபத்தைந்து வருடமாகப் பார்த்தவள் நான். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் இந்த மாவட்டத்தில் எவரும் என்ன செய்வார் என்பதை எழுத இருபதாவதாக ஒரு வரி போதும். காகிதத்தில் இடமும் இருந்தது.

அக்கா வந்தார். கையில் கம்பி. நான் நடந்ததைச் சொன்னேன். ஆபரேட்டர் மோட்டாரைக் காப்பாற்றியதையும், அவருக்கு விளக்கிச் சொல்லாதது நான் என்பதையும், எட்டில் ஒரு பங்கு என்று நான் பெருமைப்பட்டது ஓடாத ஃபேனைப் பார்த்து என்பதையும் வரிசையாகச் சொன்னேன்.

அக்கா கம்பியைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"மெசினு ஓடலன்னா கரண்டு மிச்சம் ஆவும்னு எனக்கே தெரியும். இத கண்டுபுடிக்கத்தான் நீ காலேஜிக்குப் போனியா?"

"இல்லக்கா."

"அதுக்கு ஒரு படம் வேற வரஞ்சு குடுத்த. மேல ஏறி ஏறிப் போவுது கோடு. நான் அத ஊட்டு செவுத்துல ஒட்டி வெச்சிகினு கீறேன்."

"எடுத்துடுங்கக்கா."

"எடுக்கமாட்டேன். இருக்கட்டும்." ஆபரேட்டர் பக்கம் திரும்பினார். "நீ இன்னா, மோட்டாரு மோட்டாருன்ற. வெத பூட்ச்சினா அந்த மோட்டார வெச்சி இன்னாத்த ஊதுவ? எங்க தலையிலயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன். அக்காவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அன்று செய்தவை: டிரைவை முழு வேகத்திலேயே ஓடும்படி வைத்தேன். அக்கா ஆட்களை வரவழைத்து டேங்கின் மேல் அடுக்கில் இருந்த சூடான நெல்லை வாரி எடுக்கச் சொன்னார். ஏழு மூட்டை வந்தது. எடுத்ததை வாயில் கடித்துப் பார்த்தார். முதலாளிக்குப் போன் செய்து அறிக்கை தவறு என்றேன். அவர், "அந்த கிராஃப் எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்றார். மூன்று அரிசி ஆலைகளுக்கும் தவறு என்று நானே எழுதி அனுப்பினேன். இரண்டு ஆலைகள் பதில் போடவில்லை. மூன்றாவது ஆலை, ஃபேனை அணைத்துவிடும் அந்த வசதி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டது.

விதை முளைக்குமா என்பதுதான் பாக்கி. திருவள்ளூருக்கு மாதிரி அனுப்பிச் சோதித்து வாங்க நாளாகும். அக்கா, "நம்மளே கட்டிப் பாத்துக்கலாம்" என்றார். நெல்லை நூறு நூறாக எண்ணி ஈரச் சாக்கில் பரப்பி, சுருட்டிக் கட்டி நிழலில் வைப்பது. ஏழாம் நாள் பிரித்து முளைத்ததை எண்ண வேண்டும். நூற்றுக்கு எண்பது முளைத்தால் விதை. அதற்குக் கீழே போனால் அரிசி. நான்கு கட்டு கட்டினோம். வாரி எடுத்த மேல் நெல்லில் ஒன்று, டேங்கின் நடுவிலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று, தகரச் சுவர் ஓரத்திலிருந்து ஒன்று. நான் நான்குக்கும் சீட்டு எழுதி ஒட்டினேன். சீட்டு ஈரத்தில் உரிந்து விழுந்தது. அக்கா வெவ்வேறு நிறச் சேலைக் கிழிசலால் கட்டினார். அது நின்றது.

அந்த ஏழு நாளும் ஃபேன் எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடியது. நானும் தினம் போனேன். நாலாம் நாள் ஆபரேட்டர் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார்.

"மேடம், மெதுவா சுத்துனா உங்க பொட்டி பண்றதா, கரண்டு பண்றதான்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"பெட்டியில எண் வரும்ணா. அதைப் பாத்தா..."

"நம்பருலாம் நம்பமுடியாது மேடம். ஒரு குண்டு பல்பு மாட்டுங்க. அதே லைன்ல. பல்பு நல்லா எரிஞ்சா கரண்டு நல்லா கீதுன்னு அர்த்தம். ஃபேனு எப்டியோ சுத்திகினு போவட்டும். பல்பு மங்குனா நான் ஆஃப் பண்ணிடுவேன்."

நான் யோசித்துப் பார்த்தேன். குறை சொல்ல எதுவும் இல்லை. இன்றைய எல்.இ.டி. பல்புகள் வோல்டேஜ் குறைந்தாலும் ஒரே மாதிரி எரியும், எதையும் காட்டிக்கொடுக்காது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். பொன்னேரிக் கடைத்தெருவில் ஐந்து கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் அடுக்கின் பின்னாலிருந்து அறுபது வாட்ஸ் பல்பு ஒன்றை எடுத்து, தூசியைத் துடைத்து, "கோழிக்குஞ்சுக்கா?" என்றார். நெல்லுக்கு என்றேன்.

பெட்டிக்குப் பக்கத்தில், நாற்காலியிலிருந்து தெரியும் உயரத்தில், அதை மாட்டினேன். புதிய அறிக்கையில் மின்சாரம் சாப்பிடும் எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பதால் பல்புக்கும் ஒரு வரி உண்டு. அளவுக் கருவி என்று எழுதியிருக்கிறேன்.

ஏழாம் நாள் காலை டிரைவைப் பழையபடி, மெதுவாகும் நிலைக்கு மாற்றிவிட்டு, கிடங்கு அலுவலக அறையில் கட்டுகளைப் பிரித்தோம். குழுவிலிருந்து பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். ஆபரேட்டர் உள்ளே வரவில்லை. ஃபேன் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அக்கா எண்ணினார். நான் எழுதினேன். அடி: தொண்ணூற்றொன்று. நடு: எண்பத்தெட்டு. சுவர் ஓரத்தில் எண்பது தாண்டும் வரை யாரும் இருமக்கூட இல்லை. எண்பத்துமூன்றில் நின்றது. கடைசியாக மேல் நெல். அதில் எண்ணுவதற்கு அதிகம் இல்லை. நாற்பத்தொன்று.

"மேல வாருனது அரிசிக்கு" என்றார் அக்கா. "மீதி வெத."

ஏழு மூட்டை விதை யாருக்குக் குறைவது என்று ஒருவர் ஆரம்பித்தார். எல்லோருடைய நெல்லும் ஒரே டேங்கில் இருந்ததால், ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். ஆளுக்குக் கொஞ்சம் என்றால் யாருக்கும் காணாது என்றார் மூன்றாமவர்.

"கடைசியா கொட்டுனது யாரு?" என்றார் அக்கா. டேங்க் நிரப்பும்போது தலைவர் கடைசியில் கொட்டுவது அந்தக் குழுவின் வழக்கம். "நான்தான? அப்ப மேல இருந்தது என்துதான். என் நெலத்துக்கு இந்த வருசம் உளுந்து போட்டுக்கிறேன். பேச்ச வுடுங்க."

தொட்டியில் கொட்டிய நெல் கொட்டிய வரிசையிலேயே கிடக்கும் என்பது தொழில்நுட்ப ரீதியில் சரிதான். அதை நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "ரெண்டாவது தபா போடறேன்னு சொன்னியே, சூடு பாக்கற மெசினு, அது நாளைக்கே வரணும். உங்க மொதலாளி துட்டு கிட்டு கேக்கறாருன்னு பேசினு வராத" என்றார். வந்தது. இன்னமும் வெள்ளிக்கிழமைகளில் அவர் கம்பியோடு ஏறுகிறார். சென்சார் காட்டும் எண்ணும் அவர் உள்ளங்கையும் இது வரை முரண்படவில்லை.

ஆபரேட்டரிடம் சொல்ல வெளியே வந்தேன். மணி சரியாகப் பத்து. ஃபேனின் சத்தம் இறங்கியது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டிருந்தார். வலது கை மெயின் சுவிட்சை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. அப்படியே நின்று பல்பைப் பார்த்தார். அது வெயிலிலும் மஞ்சளாக நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கை மெல்ல இறங்கி, வேறு வேலை இல்லாததால், சட்டைக் காலரைச் சரிசெய்தது.

"எவ்ளோ வந்துச்சி மேடம்?"

"விதை நிக்குதுண்ணா. மேல இருந்த ஏழு மூட்டைதான் போச்சு."

அவர் தலையசைத்தார். உட்காரவில்லை. மெதுவாகச் சுற்றும் ஃபேனையும் பல்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். மாலை ஐந்து மணிக்கு ஃபேன் தானாக நிற்கும் வரை மெயின் சுவிட்ச் மேலேயே இருந்தது. நான் பட்டியலை எடுத்துப் பதினேழாவது வரியில் இருந்த பழைய டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு, அன்றைய தேதியில் புதிதாக ஒரு டிக் போட்டேன்.